இட்லிப்பூ வளர்க்க முதலில் மண்ணைப் பாருங்கள்

நர்சரியிலிருந்து வாங்கி வரும்போது கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும். இரண்டு மூன்று மாதத்தில் கொழுந்து வெளிறத் தொடங்கும். அடுத்த கோடைக்குள் இலையெல்லாம் மஞ்சளாகி, மொட்டுக் கட்டுவதே நின்றுவிடும். இட்லிப்பூச் செடி வாங்கிய பலர் என்னிடம் சொல்லும் கதை இது. எனக்கும் முதலில் இதேதான் நடந்தது.

எங்கள் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அங்கே இதற்குத் தெச்சி என்று பெயர். வேலியோரம், பாறை இடுக்கு, ரப்பர் தோட்டத்து வரப்பு என்று யாரும் தண்ணீர்கூட ஊற்றாமல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும். அந்த நினைப்பில், தாம்பரம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்ததும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நான்கு செடி வைத்தேன். மஞ்சளானதும் சத்து போதவில்லை என்று நினைத்து மாட்டு எரு போட்டேன். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். சாம்பலும் தூவினேன். இன்னும் வெளிறியதுதான் மிச்சம். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அடிமண்ணை விரலால் கிளறினார். கோலிக்குண்டு அளவுக்குச் சிமென்ட் கலவைக் கட்டி ஒன்று வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சோறு காணாதுன்னு இல்ல மக்ளே. வாயக் கெட்டிப் போட்டுட்டு எவ்வளவு வெளம்பினாலும் அது எப்பிடித் திங்கும்?"

இந்தச் செடியைப் பற்றி நான் கற்றுக்கொண்ட எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கும். இட்லிப்பூவுக்கு லேசான புளிப்புள்ள மண் வேண்டும். மண்ணில் சுண்ணாம்பு ஏறினால், அங்கே இரும்புச் சத்து எவ்வளவு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இடம், மண், தண்ணீர், உரம் என்று கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் இதை மனதில் வைத்தே படியுங்கள்.

செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பூங்கொத்து இட்லி மாதிரி உருண்டு உப்பலாக இருப்பதால் இட்லிப்பூ. பழைய பெயர் வெட்சி, பேச்சில் விருட்சி. செச்சை என்றும் சொல்வார்கள். சங்க காலத்தில் பகைவரின் ஆநிரையைக் கவரப் போனவர்கள் சூடிய பூ இதுதான். அந்தப் போருக்கே வெட்சித் திணை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேரளக் கோவில்களில் துளசியோடு சேர்த்துத் தெச்சிப்பூ சாத்துவதை இன்றைக்கும் பார்க்கலாம். நர்சரியில் இக்சோரா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 1753இல் லின்னேயஸ் வைத்த அந்தத் தாவரவியல் பெயரும் ஈஸ்வரன் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். அதாவது இது எங்கிருந்தோ கொண்டுவந்த அலங்காரச் செடி இல்லை, நம் மண்ணில் பிறந்தது. ஆனால் நம் ஊரிலும் எல்லா மண்ணும் ஒன்றில்லையே.

ஒரு பூவைத் தனியாகப் பிய்த்துப் பாருங்கள். நூல்போல நீண்ட மெல்லிய குழல், அதன் தலையில் சிலுவையாக விரிந்த நான்கு இதழ். விரியாத மொட்டு ஊசிமுனை மாதிரி கூராக இருக்கும். குழலின் அடியில் ஒரு துளித் தேன். பூவை உருவி அடிநுனியை நாக்கில் வைத்து உறிஞ்சாத பிள்ளைகள் எங்கள் ஊரில் கிடையாது. தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் இந்தச் செடியை விட்டு நகராததற்கும் அந்தத் துளிதான் காரணம். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே, காம்பு இருப்பதே தெரியாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். அந்த இரண்டு இலைக்கும் நடுவில், தண்டின் மேல் முள்போலச் சின்னதாக ஒரு கூர்ச் செதில் தெரியும். காபிச் செடியிலும் இதைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே குடும்பம்.

எந்த வகையை வாங்குவது

இதழ் முனை கூராக, செக்கச் செவேலென்று இருப்பது நாட்டு வகை. விட்டால் ஆறடிக்கு மேலும் போகும். தரையில் வைக்க, வேலியாக வளர்க்க இதைவிட நல்லது வேறில்லை. இதழ் முனை உருண்டு, இலை பெரிதாக இருப்பவை பெரும்பாலும் சீன இனமோ கலப்பின வகையோ. இலை சிறுத்துக் குட்டையாகப் புதர்கட்டும் மினி வகைகள் தொட்டிக்கு ஏற்றவை. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று நிறங்கள் நிறைய உண்டு. முதன்முறையாக வளர்ப்பவர் சிவப்பிலேயே தொடங்குங்கள். தரையென்றால் நாட்டு வகை, தொட்டியென்றால் மினி.

வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காதீர்கள். இருக்கிற பூ பத்து நாளில் உதிரப்போகிறது. அடியிலிருந்தே நான்கைந்து கிளை பிரிந்திருக்கிறதா, நுனிக் கொழுந்து நல்ல பச்சையாகவோ செம்பு நிறத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கொழுந்து செம்பு நிறத்தில் பளபளப்பது நோயல்ல, அதன் இயல்பு. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, அந்தச் செடி வேண்டாம். பையின் அடியில் வேர் சுற்றிச் சுற்றிப் பாயாகியிருந்தாலும் வேண்டாம்.

இடம்

நாளுக்கு 5, 6 மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். நிழலில் வைத்தால் சாகாது. இலை கரும்பச்சையாகச் செழித்து வரும், பூ மட்டும் வராது. பால்கனியில் கிழக்குப் பார்த்த பக்கம் இருந்தால் நல்லது. மொட்டை மாடியில் சித்திரை, வைகாசி வெயில் தொட்டியைச் சூடேற்றி வேரை வதக்கிவிடும். அந்த இரண்டு மாதம் மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு நகர்த்துங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிர் இதற்கு ஆகாது.

தரையில் வைப்பவர்கள் சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வையுங்கள். சுவர் பூசும்போது சிந்திய கலவை மண்ணுக்குள் கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வேருக்குப் போய்க்கொண்டே இருக்கும். நடைபாதைக் கான்கிரீட், செப்டிக் டேங்க் மூடி, செங்கல் ஜல்லி கொட்டிச் சமன் செய்த இடம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். புதுவீட்டுத் தோட்டங்களில் இட்லிப்பூ தோற்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுவே.

மண்

மண்ணின் புளிப்பை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். இட்லிப்பூவுக்கு 5இலிருந்து 6 வரை மிகப் பிடிக்கும், 6.5 வரை சமாளிக்கும். 7ஐத் தாண்டினால் தகராறு ஆரம்பம். காரணம் எளிது. புளிப்பு மண்ணில் இரும்பு தண்ணீரில் கரையும் நிலையில் இருக்கும். காரம் ஏற ஏற அது துருவாக மாறி மண்ணோடு மண்ணாக உறைந்துவிடும். இரும்பு கிடைக்காவிட்டால் இலையால் பச்சையத்தை உண்டாக்க முடியாது. சித்தப்பா சொன்ன வாய்க்கட்டு இதுதான்.

குமரி மாவட்டத்துச் செம்மண்ணிலும், தஞ்சைக்குப் பக்கத்தில் வல்லம் மாதிரியான செம்புறை மண்ணிலும் இது தானாக வரும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காரமானது. அங்கே தரையில் வைத்துப் போராடுவதைவிடத் தொட்டிதான் நல்ல வழி. யாழ்ப்பாணத்திலும் அப்படியே. மேலே செம்பாட்டு மண் இருந்தாலும் கீழே சுண்ணாம்புப் பாறை, கிணற்றில் வருவது அந்தப் பாறையில் ஊறிய தண்ணீர்.

உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அரையடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து நன்றாகக் காயவையுங்கள். அதில் இரண்டு கரண்டி வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. நுரை வராவிட்டால் பாதி நிம்மதி. மீதிக்கு மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்து எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு, வாடிய நான்கு செடிகளின் விலையைவிட நிச்சயம் குறைவு.

நுரைக்கும் மண்ணைக் கந்தகம் போட்டுத் திருத்தலாமே என்பார்கள். லேசாகக் காரம் ஏறிய மண்ணுக்கு அது சரி. 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி கந்தகத் தூளை மேல்மண்ணில் கலந்தால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக்கும். பலன் தெரியச் சில மாதம் பிடிக்கும். ஆனால் சுண்ணாம்பு நிறைந்த தரையில் எவ்வளவு கொட்டினாலும் சுண்ணாம்பு அதைத் தின்றுவிடும். அந்தப் பணத்துக்கு ஒரு பெரிய தொட்டி வாங்குங்கள்.

தொட்டிக் கலவைக்கு நான் வைத்திருக்கும் அளவு: சலித்த செம்மண் இரண்டு பங்கு, கழுவிய தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மணலுக்குப் பதில் கட்டட வேலையில் மிஞ்சியதை எடுத்துப் போடாதீர்கள், அதில் சிமென்ட் கலந்திருக்கும். தென்னை நார்த்தூளை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும், அதிலும் உப்பு உண்டு.

நடுதல்

ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். தரையென்றால் ஒன்றரையடி நீள அகல ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். எடுத்த மண்ணில் கல், காரைக்கட்டி இருந்தால் அதைத் திரும்பப் போடாமல் மேலே சொன்ன கலவையால் நிரப்புங்கள். வேலியாக வைக்கச் செடிக்குச் செடி இரண்டரையடி விடுங்கள். நட்ட புதிதில் இடைவெளி ஓட்டையாகத் தெரியும். இரண்டு வருடத்தில் கோத்துக்கொள்ளும்.

தொட்டிக்கு 12 அங்குலம் போதும். அடியில் குறைந்தது நான்கு ஓட்டை இருக்கட்டும். ஓட்டையை ஓட்டுச் சில்லால் மூடுங்கள். பையைக் கிழித்து எடுக்கும்போது மண் உருண்டை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இட்லிப்பூவின் வேர் மெல்லியது, உலுக்கினால் பிணங்கிக்கொள்ளும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டை ஆழமாகப் புதைத்தால் அழுகும். நட்டதும் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் வாரம் சில இலை உதிரும். பயப்பட வேண்டாம்.

தண்ணீர்

எவ்வளவு ஊற்றுவது என்பதைவிட எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதுதான் இங்கே பெரிய விஷயம். சரியான மண்ணில் நட்டு, ஒரு வருடம் நன்றாகப் பூத்து, பிறகு மஞ்சளாகும் செடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். போர்வெல் தண்ணீர் அடிக்கடி கடினத் தண்ணீராக இருக்கும். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுகிறதே, அந்தப் படலத்தைத்தான் தினமும் தொட்டிக்குள்ளும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

மழைத்தண்ணீர்தான் இதற்கு உயிர். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். தொட்டியையும் மழையில் நனைய விடுங்கள். சேர்ந்த உப்பு அடியோட்டை வழியாகக் கழுவிப் போகும். மழை இல்லாத நாளில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது என்பதால் அதில் உப்பு இருக்காது. ஊற்றவே கூடாதது ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் காரம்தான், அதுவும் வேண்டாம்.

அளவுக்கு விரல்தான் கருவி. ஓர் அங்குலம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். கோடையில் தினமும் தேவைப்படும், மார்கழியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். செடியடியில் காய்ந்த இலைச் சருகை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்குப் போட்டால் ஈரமும் நிற்கும், மக்கி நல்ல உரமாகவும் ஆகும்.

உரம்

இந்தச் செடி பெருந்தீனிக்காரி இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இதுவே தாராளம். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கொழுந்து பிடித்துக்கொண்டு வரும். ரசாயன உரம் போடுபவர்கள் அம்மோனியம் சல்பேட்டை ஒரு சிட்டிகை, மாதம் ஒருமுறை, ஈர மண்ணில் போடலாம். அது மண்ணைப் புளிப்பாக்கும் உரம்.

சமையலறைக் கழிவு போடும் பழக்கத்தில்தான் கவனம் வேண்டும். முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. சாம்பல் காரம். ரோஜாவுக்கும் தக்காளிக்கும் போடுவதை எல்லாச் செடிக்கும் போட்டுக்கொண்டே வருவோம். இந்த ஒரு தொட்டியைத் தாண்டிப் போங்கள். எலும்புத் தூளும் வேண்டாம். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானால் இரும்பைக் கட்டிப் போடும். புளித்த மோர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். கெடுதல் இல்லை. ஆனால் மஞ்சளான செடியை மோர் மீட்டு நான் பார்த்ததில்லை.

இலை மஞ்சளானால்

முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். நுனிக் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புக் குறை. வெயிலுக்கு நேரே பிடித்தால் பச்சை நூலில் பின்னிய வலை மாதிரி இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. அடியிலிருக்கும் முதிர்ந்த இலை மட்டும் மஞ்சளாகிறது, கொழுந்து பச்சையாகவே இருக்கிறது என்றால் அது வேறு சங்கதி: தழைச்சத்தோ (நைட்ரஜன்) மக்னீசியமோ குறைவாக இருக்கலாம், இல்லை அந்த இலைக்கு வயதாகியிருக்கலாம். செடி முழுக்க ஒரேயடியாகத் தொங்கி மஞ்சளானால் வேரில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் எப்சம் உப்பை வாங்கிக் கொட்டுகிறவர்கள் நிறைய. கொழுந்து மஞ்சளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதில் இருப்பது மக்னீசியம்.

இரும்புக் குறைக்கு உடனடி மருந்து அன்னபேதி, அதாவது பெர்ரஸ் சல்பேட். உரக்கடையில் கிடைக்கும். நல்ல அன்னபேதி இளம்பச்சையாக, கற்கண்டுத் தூள் மாதிரி இருக்கும். பழுப்பேறிப் போனதை வாங்காதீர்கள், அது துருப்பிடித்த சரக்கு, செடியால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில் முதலில் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பிறகு 5 கிராம் அன்னபேதியைப் போட்டுக் கரையுங்கள். எலுமிச்சையை முதலில் விடுவது ஏனென்றால், அந்தப் புளிப்பு இருக்கும்வரை கரைசல் சீக்கிரம் பழுப்பாகாது. கரைத்த உடனே, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இருபுறமும் நனைய மெல்லிய தூவலாக அடியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. பூவில் பட்டால் கறை விழும், தரை ஓடுகளில் பட்டால் துருக்கறை போகவே போகாது. தொட்டியைத் தள்ளி வைத்து அடியுங்கள். பொட்டலத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வாயில் போட்டால் ஆபத்து.

பழைய மஞ்சள் இலை முழுசாகத் திரும்பாமல் போகலாம். அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள், அது பச்சையாக வந்தால் வழிக்கு வந்துவிட்டது. ஆனால் இது நோயாளிக்கு ஏற்றும் குளுக்கோஸ் மாதிரிதான். மண்ணையும் தண்ணீரையும் சரி செய்யாவிட்டால் மூன்று மாதத்தில் பழைய நிலைக்கே வரும். அன்னபேதியைக் கார மண்ணில் கொட்டுவதும் வீண், போட்ட இடத்திலேயே துருவாகிவிடும். மண்ணில்தான் போடவேண்டும் என்றால் கிலேட் செய்த இரும்பு, அதாவது சீக்கிரம் துருவாகாதபடி இன்னொரு பொருளோடு பிணைத்த இரும்பு, வாங்குங்கள். அதிலும் இ.டி.டி.ஏ. (EDTA) என்று போட்டது கார மண்ணில் சீக்கிரம் செயலிழக்கும். இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று போட்டிருப்பது விலை கூடுதல், ஆனால் காரத்திலும் வேலை செய்யும்.

என் சுவரோரச் செடிகளை நான் மருந்தடித்துக் காப்பாற்றவில்லை. ஒரு மழைநாளில் வேர் மண்ணோடு பெயர்த்து, செம்மண் நிரப்பிய தொட்டிகளுக்கு மாற்றினேன். ஒன்று போய்விட்டது. மற்ற மூன்றும் தை மாதம் கொழுந்து விட்டன.

வெட்டுவது

பூங்காக்களில் இட்லிப்பூ வேலியைப் பெட்டி மாதிரி சீராக வெட்டி நிறுத்தியிருப்பார்கள். பச்சைச் சுவராக இருக்கும், பூ அங்கொன்று இங்கொன்று. பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறாது. இட்லிப்பூ பூப்பது புதுக்கிளையின் நுனியில். பதினைந்து நாளைக்கொரு முறை கத்தரியை ஓட்டினால் மொட்டு வரப்போகும் நுனியைத்தான் ஒவ்வொரு முறையும் கழிக்கிறோம். பூ வேண்டுமென்றால் பெட்டி வடிவம் வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவே. ஒரு கொத்து வாடியதும், அதற்குக் கீழே இரண்டு இலை ஜோடி தள்ளி, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவின் இரண்டு இலைக் கக்கத்திலிருந்தும் ஒவ்வொரு தளிர் கிளம்பும். இரண்டும் முற்றி, இரண்டின் நுனியிலும் கொத்து வரும். ஒன்று போன இடத்தில் இரண்டு. என் செடியில் வெட்டியதிலிருந்து அடுத்த கொத்து விரிய இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஆகிறது. அதனால் எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டாமல், கொத்து வாட வாட வெட்டினால் செடியில் எப்போதும் பூ இருக்கும். கிளை கன்னாபின்னாவென்று நீண்டுவிட்ட பழைய செடியை வருடத்துக்கு ஒருமுறை, தை மாதவாக்கில், மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

ஒரு மூலையில் நான்கைந்து கொத்தை வெட்டாமல் விட்டுவிடுவேன். அவை பட்டாணி அளவுக் காய்களாகி, சிவந்து, பிறகு கருக்கும். குருவிகள் வரும். பழம் லேசாக இனிக்கும்.

பூச்சி

பெரிய தொல்லை இல்லை. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி மூன்றும் சாறு உறிஞ்சுபவை. எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் இவற்றில் ஏதோ ஒன்று வந்துவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் அவை கழிக்கும் இனிப்புக்குத்தான் எறும்பு வருகிறது. அந்த இனிப்பின் மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசியது போலாகும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒருமுறை அடியுங்கள். அன்னபேதி அடித்த அன்றே இதையும் அடிக்க வேண்டாம். கொழுந்தை ஓரிரண்டு புழு கடித்திருந்தால் விட்டுவிடுங்கள். சில பட்டாம்பூச்சிகள் முட்டையிடுவதே இந்தச் செடியில்தான்.

பதியன் போடுவது

ஒரு செடி நன்றாக நின்றுவிட்டால் அடுத்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள, முழுப் பச்சையும் இல்லாத முழு மரமும் ஆகாத கிளையாகப் பார்த்து, நான்கிலிருந்து ஆறு அங்குலத்துக்கு வெட்டுங்கள். பூவோ மொட்டோ இருக்கும் நுனி வேண்டாம். அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மேலே ஒரு ஜோடி மட்டும் விட்டு அவற்றையும் பாதியாகக் கத்தரியுங்கள். வேர் ஊக்கித் தூள் இருந்தால் தொட்டு நடுங்கள். மணலும் தென்னை நார்த்தூளும் சரிபாதி கலந்த சின்னத் தொட்டி போதும். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மேலே மூடிவையுங்கள், உள்ளே ஈரம் நிற்கும். நல்ல வெளிச்சமுள்ள நிழலில் இருக்கட்டும்.

ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். இடையில் இழுத்துப் பார்க்கவே கூடாது. இழுத்தால் புதிதாக விட்ட வேர் அறுந்துபோகும். புதுத் தளிர் வந்து, தொட்டியின் அடியோட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் பிடித்துவிட்டது. பத்துக் குச்சி வைத்தால் பாதி பிழைத்தாலே எனக்குத் திருப்தி. கட்டாயம் வேண்டுமென்றால் விண்பதியம்தான் உறுதியான வழி. விரல் பருமன் கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்து, ஈரமான நார்த்தூளை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டி, வேர் தெரிந்ததும் கீழே வெட்டி நடுங்கள்.

சின்னச் செடி தொட்டிக்கு மாறி நான்கு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக்கிளை பிரியும். அதற்கு முன்பே சில செடி அவசரப்பட்டு மொட்டு வைக்கும். அந்த முதல் மொட்டையும் கிள்ளிவிட்டால்தான் செடி உடம்பு தேறும். போன வருடம் நான் வைத்த ஐந்து குச்சியில் நான்கு பிடித்தன, நான்கும் மொட்டு வைத்தன. மூன்றைக் கிள்ளினேன். நான்காவது விரியும்வரை விட்டு, வெள்ளிக்கிழமை அம்மா படத்துக்கு வைத்தேன்.